40 கிலோவுக்கு மேல் கிடையாது

பிள்ளையார் சதுர்த்திக்கும் தீபாவளிக்கும் நடுவே எத்தனை நாள் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டும் என்பார்கள். பட்சணம் செய்து விற்கிற பெண்ணுக்கு அது மனப்பாடம். 54 நாள். 2023-ல் செப்டம்பர் 19-ஆம் தேதி சதுர்த்தி, நவம்பர் 12-ஆம் தேதி தீபாவளி. 2024-ல் செப்டம்பர் 7, அக்டோபர் 31. 2025-ல் ஆகஸ்ட் 27, அக்டோபர் 20. எண்ணிப் பாருங்கள், மூன்று வருஷமும் 54 நாள்தான். பண்டிகை மூன்று வாரம் முன்னே பின்னே ஓடினாலும் இந்த இடைவெளி மட்டும் நகராது. போனால் போகிறதென்று ஒரு நாள் கூடும் குறையும், அவ்வளவே. நடுவில் அதிக மாதம் வந்து விழுந்த 2020 போன்ற ஆண்டுகளில் மட்டும் ஒரு மாதம் நீளும். அதே மாதிரி விஜயதசமியிலிருந்து தீபாவளிக்கு 18-லிருந்து 20 நாள்.

மும்பையில் கணபதி வந்து உட்கார்ந்துவிட்டார் என்றால் தெருவுக்குத் தெரியும், ஒலிபெருக்கியே சொல்லிவிடும். அன்றைக்கு நான் காலண்டரில் 54 என்று எழுதி வட்டம் போடுவேன். செம்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து தீபாவளி பட்சணம் போக ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. நம் சங்கத்துப் பெண்களில் பலர் அப்பளம், ஊறுகாய், புடவை, கொலு பொம்மை என்று பண்டிகையை ஒட்டி ஏதோ ஒரு வியாபாரம் செய்கிறார்கள். "எப்படி மாமி சமாளிக்கிறீர்கள்? எனக்கு நவராத்திரிக்கே மூச்சு வாங்குகிறதே" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆரம்பித்த வருஷம் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு மாமி இருந்தார். கை முறுக்கு சுற்றுவதில் அவருக்கு நிகர் இந்தப் பேட்டையில் யாரும் இல்லை. ஐந்து சுற்று, ஏழு சுற்று என்று கம்பி இழுத்த மாதிரி இருக்கும். வருகிற ஆர்டரை எல்லாம் எடுத்துக்கொள்வார். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அந்தத் தீபாவளிக்கு 100 கிலோவைத் தாண்டிவிட்டது. கடைசி நாலு இரவு அவர் வீட்டு விளக்கு அணைந்ததை நாங்கள் பார்க்கவில்லை. தீபாவளி விடியற்காலை அவருக்கு நல்ல ஜுரம். வலது மணிக்கட்டு வீங்கிப் போய் டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. அவருடைய இரண்டு பெண்களுக்கும் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டியது நான்தான். சின்னவள் எண்ணெய்த் தலையோடு, "அம்மா ஏன் எழுந்துக்கலை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டர் மூன்று மாதம் கையை அசைக்கக் கூடாது என்றார். அதோடு அந்த மாமி அடுப்பை மூடினவர்தான், திரும்ப வைக்கவே இல்லை. இன்றைக்கும் அவர் முறுக்கை விசாரித்து எனக்கு போன் வருகிறது.

ஊரெல்லாம் வியாபாரம் பெருக வேண்டுமானால் விளம்பரம் வேண்டும் என்கிறது. எங்கள் மாதிரி வீட்டுத் தொழிலுக்கு அது பாதிதான் சரி. தீபாவளிக்கு முன்னால் மும்பையில் பட்சணத்துக்கு ஆர்டர் தேடிப் போக வேண்டியதில்லை, தானே வரும். அதனால் என்னைக் கேட்டால் நோட்டீஸ் எழுதுவது ஆர்டரைக் கூப்பிடுவதற்கு மட்டும் அல்ல, ஆர்டரை நிறுத்துவதற்கும்தான். வயலுக்கு வரப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரப்பு எங்கே போடுவது என்பதற்குக் கணக்கு உண்டு. தேன்குழல் ஒரு ஈடு வேக நாலைந்து நிமிஷம். என் கைக்கு ஒரு வாணலியில் மணிக்கு ஒன்றேகால் கிலோ வரும். பிள்ளைகளை அனுப்பி, வேலைக்காரம்மா வந்து போய், பிள்ளைகள் திரும்புவதற்குள் அடுப்படியில் உருப்படியாகக் கிடைப்பது மூன்று மணி நேரம். சாயங்காலம் அடுப்பைத் தொடுவதில்லை. தீபாவளி விடுமுறைக்கு முன்னால்தான் பள்ளிக்கூடத்தில் முதல் பருவத் தேர்வு வைப்பார்கள், பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். விஜயதசமியிலிருந்து கணக்கிட்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளினால் 12 நாள் தேறும். 12-ஐ மூன்றால் பெருக்கி, ஒன்றேகாலால் பெருக்கினால் 45. வீட்டுக்கும் அக்கம் பக்கத்துக்கும் உடைசலுக்கும் 5 கிலோ போனால் மீதி 40. இந்த 40 நான் ஆசைப்பட்டு வைத்த எண் அல்ல. கடிகாரமும் வாணலியும் சேர்ந்து சொன்ன எண். அதனால் அதோடு பேரம் பேச முடியாது.

இந்த விஷயத்தில் எனக்கு வழி காட்டியது லிஜ்ஜத் பாப்பட் கதை. 1959 மார்ச் 15-ஆம் தேதி கிர்காமில் ஒரு கட்டடத்து மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எல்லோரும் அதன் வளர்ச்சியைப் பற்றியே பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் வேலை செய்யும் முறை. காலையில் கிளைக்குப் போய்ப் பிசைந்த மாவை நிறுத்து வாங்கிக்கொள்வார்கள். வீட்டில் தங்களுக்கு முடிந்த நேரத்தில் இட்டு, உலர்த்தி, மறுநாள் கொண்டு போய்க் கொடுப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இன்றைக்கு எவ்வளவு வேலை என்பது மாவை நிறுக்கும்போதே தீர்ந்துவிடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் யாரும் புதிதாக மாவை நீட்ட மாட்டார்கள்.

இனி நோட்டீஸ். எங்கள் வீட்டில் வருஷத்துக்கு வேண்டிய நோட்டீஸ் அத்தனையும் மே மாதம் மத்தியான வேளையில் எழுதப்படுகிறது. மே மாதத்தில் தீபாவளியா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த மாதத்தில்தான் பள்ளிக்கூடம் இல்லை, தேர்வு இல்லை, மனசிலும் பரபரப்பு இல்லை. எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டு எழுதினால் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொண்டு எழுதிவிடுவோம். ஒரு நாற்பது பக்க நோட்டில் கையால் எழுதி வைத்ததைப் பெரியவன் போனில் ஏற்றிவிடுகிறான். தீபாவளி நோட்டீஸ் இப்படி இருக்கும்:

"தீபாவளி பட்சணம். தேன்குழல், ரிப்பன் பக்கோடா, மிக்ஸர், மைசூர் பாகு, தீபாவளி லேகியம். இந்த ஐந்து மட்டும். மொத்தம் 40 கிலோ. முடிந்ததும் ஆர்டர் நிறுத்தப்படும். விஜயதசமிக்கு மறுநாள் இரவு 8 மணி வரை ஆர்டர் எடுக்கப்படும். பாதிப் பணம் முன்னதாக. தன்தேரஸ் அன்று மாலைக்குள் வீட்டில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். விலை கிலோவுக்கு ______."

தன்தேரஸ் என்று ஏன் போடுகிறேன் என்றால், நமக்குத் தீபாவளி நரக சதுர்த்தசி விடியற்காலை. மும்பையில் குஜராத்தி, மார்வாடி வீடுகளும் ஆபீஸ்களும் தன்தேரஸ் அன்றே கொடுக்கல் வாங்கலை ஆரம்பித்துவிடுவார்கள். அது நம் தீபாவளிக்கு இரண்டு நாள் முந்தி வரும். 2025-ல் அக்டோபர் 18. மராட்டியர்களுக்கோ ஃபராள் தட்டு முதல் நாள் எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் தயாராக இருக்க வேண்டும். ஆகவே இங்கே உண்மையான கெடு தன்தேரஸ்தான். அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கடைசி இரண்டு நாள் என் வீட்டுக்கு மிஞ்சுகிறது. தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் என் வாணலி கவிழ்ந்திருக்கும், பிள்ளைகளோடு கீழே போய் மத்தாப்பு கொளுத்த முடியும்.

விலையைக் காலியாக விட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மே மாதத்தில் விலை எழுதுவது மடத்தனம். 2024 செப்டம்பர் 14-ஆம் தேதி, கணபதி வந்து ஒரே வாரத்தில், மத்திய அரசு இறக்குமதிச் சமையல் எண்ணெய்க்குச் சுங்க வரியை ஏற்றியது. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு ஒன்றுமில்லாமல் இருந்த அடிப்படை வரி 20 சதவீதம் ஆயிற்று. முன்கூட்டியே விலை சொன்னவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அடுத்த வருஷம் நேர்மாறு. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி, இங்கே நவராத்திரி தொடங்கிய அன்றைக்கே, நெய்க்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சாமான் வாங்கி முடித்த பிறகுதான் அந்தக் கோட்டில் எண்ணை எழுதுவேன். எழுதினபின் மாற்றுவதில்லை.

படம் எடுப்பதும் இதே போலத்தான். இந்த வருஷம் சுடும்போது ஒரு நாள் காலையில் ஜன்னல் பக்கம் தட்டை வைத்து ஐந்து பட்சணத்தையும் படம் பிடித்து வைத்தால், அடுத்த வருஷ நோட்டீஸுக்கு ஆயிற்று. "தினம் ஒரு ஸ்டேட்டஸ் போடணும் மாமி, அப்போதான் ஜனங்க மறக்க மாட்டாங்க" என்று கீழ் வீட்டுப் பெண் சொல்கிறாள். அவள் தைத்த ரவிக்கைகளைப் படம் போட்டு விற்கிறாள், அவளுக்கு அது சரியாக இருக்கலாம். எண்ணெய்க் கையோடு போனைத் தொட்டு, வந்த பதில்களைப் படித்து நிமிர்ந்தால் ஒரு ஈடு கருகிவிடும். சுடுகிற 12 நாளும் போன் சமையலறைக்குள் வராது. இரவு எட்டிலிருந்து எட்டரை வரை பதில் சொல்லும் நேரம். வியாபாரத்துக்கென்று இருக்கும் வாட்ஸ்அப்பில் முன்னமே எழுதி வைத்த பதிலை ஒரு தட்டில் அனுப்பும் வசதி இருக்கிறது, அது பெரிய உபகாரம். இன்னொன்று: பலருக்கு ஒரே சமயத்தில் அனுப்பும் பட்டியலில் போடுகிற நோட்டீஸ், நம் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்தவருக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே பட்சணம் வாங்க வருபவரிடம் அங்கேயே பதிந்துகொள்ளச் சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸ் எப்போது போகிறது? நவராத்திரி முதல் நாள். அதற்கு முந்திய மகாளய பட்சத்தில் நம்மவர்கள் பலர் புதிதாக எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள், பண்டிகைப் பேச்சும் எடுக்க மாட்டார்கள். அந்தப் பதினைந்து நாளும் எனக்குச் சாமான் சேர்க்கும் காலம். பச்சரிசியைக் களைந்து நிழலில் உலர்த்தி, உளுந்தை வறுத்து, சக்கிக்குக் கொண்டு போக வேண்டும். தசரா முடிந்துவிட்டால் சக்கியில் கால் வைக்க முடியாது. மராட்டியப் பெண்கள் சக்லிக்கு வறுத்து வைத்த பாஜணியைத் தூக்குத் தூக்காகக் கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். கோதுமை ஓடின கல்லில் நம் அரிசியைப் போட்டுக் கொடுத்துவிட்டால் தேன்குழல் நிறமே மாறிவிடும். மகாளயத்தில் போனால் சக்கிக்காரர் கல்லைத் துடைத்து, முதல் அரிசியாக நம்முடையதைப் போட்டுத் தருவார். மழை முழுதும் விலகாத சமயம் என்பதால், அரைத்த மாவை மின்விசிறிக்கடியில் ஆற வைத்துத்தான் டப்பாவில் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கு பிறக்கும்போதே நமுத்துப் பிறக்கும்.

நவராத்திரியில் கொலுவுக்கு வருகிறவர்களுக்குச் சுண்டலோடு ஒரு சின்னத் தேன்குழல். இதைவிட நல்ல விளம்பரம் நானறிய இல்லை. மூன்றாம் நாளே பாதி ஆர்டர் நிரம்பிவிடும்.

சுடுகிற வரிசையையும் சொல்லிவிடுகிறேன். லேகியம் முதலில். நெய்யும் வெல்லமும் சேர்ந்தது, ஒரு மாதம் ஆனாலும் ஒன்றும் ஆகாது. அதற்கப்புறம் தேன்குழல், ரிப்பன். நன்றாக ஆற வைத்துக் காற்றுப் புகாமல் மூடினால் இரண்டு வாரத்துக்கு மேலும் கரகரப்புப் போகாது. மிக்ஸர் பிறகு. மைசூர் பாகு கடைசி மூன்று நாள். பால் சேர்ந்த எதையும் நான் எடுப்பதில்லை. திரட்டுப்பால் கேட்கிறார்கள், எனக்கும் ஆசைதான். ஆனால் அதைக் கடைசி நாளில்தான் கிண்ட முடியும், கடைசி நாள் என்று எனக்கு ஒன்று கிடையாதே. பாக்கெட்டில் செய்த தேதி, எடை, சேர்ந்த பொருள்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிந்து வாங்கிய 14 இலக்க எண் எல்லாம் இருக்க வேண்டும். லேபிள் ஒட்டுவது வீட்டுக்காரருக்கு விட்ட வேலை. கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டுவார். நான் ஒன்றும் சொல்வதில்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமான நோட்டீஸ் ஒன்று உண்டு. மறுக்கும் நோட்டீஸ். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் போன் வரும். "ஒரே ஒரு கிலோதானே மாமி, எப்படியும் அடுப்பு எரிஞ்சுண்டுதானே இருக்கு?" எதிரில் கேட்பவர் பத்து வருஷப் பழக்கம், நம் பெண்ணின் காது குத்துக்கு வந்தவர். அந்த நேரத்தில் வார்த்தை தேடினால் கிடைக்காது. அதனால் அதையும் மே மாதமே எழுதி வைத்துவிட்டேன்: "அக்கா, இந்த வருஷத்து 40 கிலோவும் முடிந்துவிட்டது. அடுத்த தடவை நவராத்திரி முதல் நாளே உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்." இதில் காரணம் ஒன்றும் சொல்லவில்லை பாருங்கள். பையனுக்குத் தேர்வு என்று எழுதினால், "ராத்திரி பண்ணலாமே" என்று பதில் வரும். கூடவே தாராவியில் அதிரசமும் முறுக்கும் செய்து தருகிற நம் பக்கத்துப் பெண் ஒருவரின் எண்ணையும், அவரிடம் கேட்டுக்கொண்டு, கொடுத்துவிடுவேன். அவருக்கு அது வருஷம் முழுதும் நடக்கும் தொழில், கைக்கு ஆளும் உண்டு. ஆர்டர் அவருக்குப் போனதால் எனக்கு நஷ்டம் வந்ததில்லை. வைகாசியில் கல்யாணச் சீருக்கு ஆள் தேடியவர்களை அவர் என்னிடம் அனுப்பியிருக்கிறார்.

விட்டுவிட்ட பண்டிகைகளும் உண்டு. கோகுலாஷ்டமிச் சீடை எடுப்பதில்லை. கணபதிக்கு முன்னால் கையை அசத்திக்கொள்ளக் கூடாது. தவிர சீடை எப்போது வெடிக்கும் என்று கிருஷ்ணனுக்கே தெரியாது. கார்த்திகைப் பொரி உருண்டை, தீபாவளி அலுப்பு தீருவதற்குள் வந்துவிடுகிறது. காரடையான் நோன்பு மார்ச்சில் தேர்வு நடுவில் விழும். வைத்துக்கொண்டது மூன்று சீசன்: தீபாவளி, தையிலும் வைகாசியிலும் கல்யாணச் சீர் இரண்டு மட்டும், சித்திரையில் வடாம். வடாத்துக்குப் பிள்ளைகளின் விடுமுறையும் வெயிலும் மொட்டை மாடியும் ஒன்றாகக் கிடைக்கின்றன. காக்காய் விரட்ட இரண்டு பேர் இருக்கிறார்கள், கூலி ஐஸ்கிரீம். ஜூன் மழைக்குள் அது முடிந்துவிடும்.

இந்த மூன்றில் வரும் பணம் பெரிதல்ல. 40 கிலோவை 60 ஆக்கினால் கூட வருமே என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் இல்லை. கூடும். இன்னொரு வாணலி, ஓர் உதவிக்கு ஆள், சாயங்காலம் இரண்டு மணி நேரம் வேண்டும். சின்னவள் ஏழாவது போய்விட்டால் சாயங்காலம் கிடைக்கலாம். அப்போது நோட்டீஸில் எண்ணை மாற்றலாம். அதுவும் மே மாதத்தில்தான் முடிவாகும், அக்டோபரில் அல்ல.

தீபாவளி கழிந்து மூன்றாம் நாள், பாவ் பீஜுக்கு எதிர் வீட்டில் அண்ணன் தம்பிகள் வந்து கலகலவென்றிருக்கும் நேரத்தில், நோட்டை எடுத்து ஒரு பக்கம் எழுதிவிடுவேன். எது மிஞ்சியது, எது போதவில்லை, தேர்வு எந்தத் தேதியில் வந்தது, எண்ணெய் எத்தனை டின் ஆயிற்று. ஒரு வாரம் தள்ளினால் மறந்துவிடும். 2025-ஆம் வருஷப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "லேகியம் 2 கிலோ போதவில்லை, 3 வேண்டும். ரிப்பனில் ஒரு கிலோ குறைக்கலாம். பெரியவனுக்குக் கணக்குத் தேர்வு அன்று சுடவில்லை. மறுக்கும் நோட்டீஸ் 17 பேருக்குப் போனது. அகல வாய் டப்பா நாலு வாங்க வேண்டும்."